பெயரறியா நோயும் ஓர் அப்பியாசக் கொப்பியும்

யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று தருக எனப் பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபொழுது, இலக்கியப் பொருள் ஒன்றையே அவர்கள் எம்மிடம் எதிர்பார்த்திருப்பர். தமிழாசிரியர் ஒருவர் வேறு எதனை எழுதுவார்? ஆயினும் சென்ற சில ஆண்டுகளாக எம்மைப் பயிற்றிய ஆசான் ஒருவர் உளர். அவரை யாம் நாடிச் சென்றோமல்லோம்; அவரே எம் வீடு தேடி வந்தார். அவர்தம் பெயரை அறிவதற்கே எமக்கு மூன்றரை ஆண்டுகள் சென்றன. அவ்வரலாற்றைக் கூறுதல் எம்போன்ற வயல்வாழ்வினர்க்கு ஒருகாற் பயன்படலாம் என்னும் எண்ணத்தால், இலக்கியத்தை ஒருபுறம் வைத்து நோயைப் பற்றி எழுதத் துணிந்தோம். அன்பர்கள் பொறுத்தருள்க.

கனகராயன்குளம் கண்டி வீதியின் இருமருங்கும் பரந்து கிடக்கும் ஊர். புளியங்குளத்துக்கு வடக்கேயும் மாங்குளத்துக்குத் தெற்கேயும் உள்ளது. கனகராயன் ஆறு இப்பகுதிக் காடுகளின் நீரைத் திரட்டி வடக்கு நோக்கி ஓடி, இரணைமடுக் குளத்தை நிரப்பி, ஈற்றிற் சுண்டிக்குளக் களப்பிற் கலக்கும். குளமும் வயலும் காடுமே எம்மூரவரின் செல்வம். ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி பெற்று வெண்கட்டி பிடித்த பின்னரும், தந்தையார் விட்டுச்சென்ற ஒன்றரை ஏக்கர் வயலை யாம் கைவிட்டோமல்லோம். காலையிற் பாடசாலை, மாலையில் வரம்பு என்பதே எமது நாள்.

2018 ஆம் ஆண்டு திசெம்பர்ப் பிற்கூறிற் பெய்த பெருமழையால் இரணைமடு நிரம்பி வழிந்ததையும், கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் வெள்ளத்துள் ஆழ்ந்ததையும் வன்னியார் எவரும் மறந்திரார். எமது வயலிலும் பயிர் தலைதெரியாது நின்றது. வரம்பை வெட்டி நீரை வடியவிடச் சென்ற அன்று மண்வெட்டி வழுகிக் கணுக்காலிற் பட்டது. காயம் சிறிது. சேற்று நீரிலேயே அதனைக் கழுவிவிட்டு, வேலையை முடித்து வீடு திரும்பினோம். எமக்கு நீரிழிவு உண்டென்று இரண்டாண்டுகளுக்கு முன்னரே வைத்தியர் கூறியிருந்தார். குளிசைகளைச் சிலநாள் உட்கொள்வதும் பலநாள் மறப்பதுமாக இருந்தோம். இது எமது பிழை. இதனை வேறெவர் தலையிலும் சுமத்துதல் தகாது.

2019 ஆம் ஆண்டு சனவரியிற் காய்ச்சல் வந்தது. நடுக்கமும், இருமலும், நெஞ்சுநோவும் உடன் வந்தன. வைத்தியசாலையிற் பத்து நாட்கள் கிடந்தோம். நியுமோனியா என்றனர், ஊசியேற்றினர், காய்ச்சல் தணிந்தது. யாமும் நலமடைந்தோம் என்றெண்ணி வகுப்பிற்குச் சென்றோம். மூன்று கிழமைகளின் பின்னர் மாலைதோறும் உடல் காயத் தொடங்கியது. மருந்து எடுத்தால் ஓடி ஒளியும்; மருந்தை விட்டால் வாயிலில் வந்து நிற்கும். இவ்வாறே அவ்வாண்டு சென்றது.

அவ்வாண்டின் மாரியில் உடல் பெரிதும் மெலிந்தது. மார்பைக் கதிர்ப்படம் பிடித்துப் பார்த்தபொழுது, வலது நுரையீரலின் மேற்பகுதியில் நிழல் ஒன்று காணப்பட்டது. சளியிற் கிருமி காணப்படவில்லை. எனினும் படத்தின் தோற்றமும், எமது மெலிவும், இரவு வியர்வையும் காசநோய்க்கே பொருந்துவன என்றனர். 2020 ஆம் ஆண்டு சனவரி முதல் ஆறு திங்கள் காசநோய் மருந்து உட்கொண்டோம். அம்மருந்துகளுள் ஒன்றினாற் சிறுநீர் செம்மஞ்சள் நிறமாகும். அதனைக் கண்டு எம் தாயார், “தம்பி, உடம்பிலே இருக்கிற இரத்தமெல்லாம் போகுதடா” என்று அழுதார். அவரைத் தேற்றுவதற்குள் எமக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

எம்மைப் பரிசோதித்த வைத்தியர்களை யாம் குறைகூறோம். பின்னர் அறிந்தவிடத்து, இந்நோய் காசநோயைப் போலவே வேடம் புனையவல்லது என்பதும், கைதேர்ந்தோரையும் மயக்கும் இயல்பினது என்பதும் தெரிந்தன. ஆயினும் காசநோய் என்ற சொல் ஊருக்குள் நுழைந்தால் அது மருந்தோடு வெளியேறுவதில்லை. ஆசிரியர் அறையில் எமது கதிரைக்கு இருபுறமும் இடைவெளி கூடியது. மாணவர் சிலரைப் பெற்றோர் முன்வாங்கிலிருந்து பின்வாங்குக்கு மாற்றுவித்தனர். வீட்டில் எமக்கெனத் தனியே ஒரு மூக்குப்பேணி ஒதுக்கப்பட்டது. அதனை ஒதுக்கியவர் வேறெவருமல்லர், யாமே. ஒன்பது வயதினளான மகள் அதிலே நீரருந்தக் கையெடுத்தபொழுது, அதனைப் பறித்துக் கடிந்தோம். அவள் ஒன்றும் பேசாது சென்று கிணற்றடியில் நின்றாள். நோயின் நோவுகள் பலவற்றை மறந்தோம், அந்நிற்கையை மறந்தோமில்லை.

காசநோய்க்குரிய காலம் முடிந்தும் காய்ச்சல் முடியவில்லை. 2020 இன் இறுதியில் அது மீண்டும் எழுந்தபொழுது நாடெங்கும் கொரோனாப் பெருந்தொற்று. இருமுவோரைக் கண்டால் எல்லோரும் விலகும் காலம் அது. மும்முறை பரிசோதித்து மும்முறையும் இல்லை என்றனர். 2021 இல் இடது இடுப்பு மூட்டு நோவெடுத்தது. வாதம் என்றார் ஒருவர். மனவுளைச்சல் என்றார் மற்றொருவர். வட்டாப்பளைக் கண்ணகி அம்மனுக்கும் புதூர் நாகதம்பிரானுக்கும் தாயார் நேர்த்தி வைத்தார். சுகவீன விடுமுறை முடிந்து சம்பளமற்ற விடுமுறை தொடங்கியது. படிப்பிக்கப் பஞ்சிப்பட்டு நோயைச் சாட்டுகிறார் என்றொரு சொல்லும் எம் காதில் விழுந்தது. நோயுற்றவனுக்கு நோயைவிடக் கொடிது, தான் நோயுற்றிருப்பதை மெய்ப்பிக்க வேண்டிய நிலை. உடல் காய்ந்துகொண்டிருக்க, நாவோ அதற்குச் சான்று தேடிக்கொண்டிருக்கும். சிற்சில இரவுகளில், இவர்கள் சொல்வதுதான் உண்மையோ, யாமே இதனைக் கற்பித்துக்கொள்கின்றோமோ என்று எம்மையே ஐயுற்றோம்.

இனி அப்பியாசக் கொப்பியின் கதையைக் கூறுவோம். நோய் தொடங்கிய முதற்கிழமையிலேயே எம் மனையாள் எண்பது பக்கக் கொப்பி ஒன்றை எடுத்து, மாலைதோறும் வெப்பமானி காட்டிய அளவைத் திகதியிட்டு எழுதிவந்தார். எந்த மருந்து எத்தனை நாள், எப்பொழுது நிறுத்தப்பட்டது, இரவில் எத்தனை முறை எழுந்தோம், மழை பெய்ததா இல்லையா என்பனவும் அதில் இருந்தன. அவர் பத்தாம் வகுப்போடு படிப்பை விட நேர்ந்தவர். இடப்பெயர்வு பலரது படிப்பை நிறுத்தியதுபோலவே அவரது படிப்பையும் நிறுத்தியது. ஒருநாள், படுக்கையிற் கிடந்த சலிப்பினால், அக்கொப்பியைக் கையிலெடுத்தோம். ‘காச்சல்’ என்று பக்கந்தோறும் எழுதப்பட்டிருந்தது. ஆசிரியப் பழக்கம் எம்மை விடவில்லை. சிவப்பு மையெடுத்து ஒவ்வொன்றிலும் யகர மெய்யைச் செருகினோம், பிறவும் திருத்தினோம். அவர் அதனைக் கண்டார், ஒன்றும் கூறவில்லை. மறுநாள் மாலை, ‘காய்ச்சல் 101’ என்று பிழையற எழுதினார்.

2022 ஆம் ஆண்டு யூலையில் இடது தொடையின் மேற்புறத்தில் வீக்கம் ஒன்று எழுந்து, நிற்கவும் இயலாது போயிற்று. நாட்டில் எரிபொருள் இல்லாத நாட்கள் அவை. முச்சக்கரவண்டிக்குப் பெற்றோல் இல்லை. அயலவர் ஒருவர் சைக்கிளில் எம்மை இருத்திக் கண்டி வீதிவரை உருட்டிவந்தார். ஒன்றரை மணிநேரம் காத்திருந்து, வந்த பேருந்தில் ஏறி, ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர் கடந்து வவுனியாவைச் சேர்ந்தோம்.

விடுதியில் எம்மைப் பார்க்க வந்தவர் சிங்கள இளம் வைத்தியர் ஒருவர், பெண்மணி. தமிழ் சிறிதே பேசுவார், எழுத்து அறியார். மருத்துவத் தாதி ஒருவர் மொழிபெயர்த்தார். எம் வரலாற்றை யாம் நீட்டி முழக்கிக் கூறத் தொடங்கினோம். அப்போது மனையாள் சேலைத் தலைப்பின் கீழிருந்து அக்கொப்பிகளை எடுத்து நீட்டினார். அவை அதற்குள் நான்காகிவிட்டன. வைத்தியர் எம் பேச்சை விட்டுவிட்டு அவற்றைப் புரட்டினார். சொற்கள் அவருக்கு விளங்கா. எண்களும் திகதிகளும் விளங்கின. நெடுநேரம் புரட்டியபின் வெண்தாள் ஒன்றில் மேலும் கீழுமாக ஒரு கோடு வரைந்தார். மருந்து தொடங்கக் கோடு இறங்கியது. மருந்து நிற்க மூன்று நான்கு கிழமைகளில் ஏறியது. காசநோய் மருந்தின் ஆறு திங்களிலும் அது முற்றாகப் படுக்கவில்லை. ஒவ்வொரு மாரியிலும் உயர்ந்தது. தாதி மொழிபெயர்த்தார்: “சேர் வயல் செய்கிறவரோ எண்டு டொக்டர் கேட்கிறா.”

மூன்றரை ஆண்டுகளில் அக்கேள்வியை எவரும் கேட்டிலர். யாமும் ஆசிரியர் என்றே எங்கும் பதிவு செய்தோம். வயலைச் சொல்லவேண்டுமென்று தோன்றவில்லை.

தொடையின் சீழை எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினர். இரண்டு நாளிற் குறிப்பிடத்தக்கது எதுவும் வளரவில்லை என்று வந்தது. வைத்தியரோ அத்தட்டுகளை எறியாது இன்னுஞ் சில நாட்கள் வைக்குமாறு வேண்டினார். ஐந்தாம் நாள், உலர்ந்து சுருங்கிய தோற்றமுடைய கூட்டங்கள் அத்தட்டில் எழுந்தன. சில வேளைகளில் இவற்றைத் தற்செயலாய்க் கலந்த மாசென்று கருதி ஒதுக்கிவிடுவதும் உண்டாம். மாதிரி கொழும்புக்கு அனுப்பப்பட்டு, அங்கும் உறுதிசெய்யப்பட்டது. ஓகஸ்ட் மாதத்து ஒரு முற்பகலில் எமது நோயின் பெயர் எமக்குச் சொல்லப்பட்டது: மெலியோய்டோசிஸ்.

பெயரைக் கேட்டதும் எமக்குத் தோன்றியது என்னவெனில், மெலிய வைப்பதால் இப்பெயர் பெற்றதுபோலும் என்பதே. தமிழாசிரியரின் மூளை வேறெங்கே செல்லும்? பின்னர் நூல்களிற் பார்த்தோம். கழுதைகளுக்கு வரும் ஒருவகை நோயைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும், ஒத்தது என்னும் பொருளுடைய சொல்லும் சேர்ந்து அமைந்த பெயராம். 1921 இல் இசுற்றன்ரன், பிளெற்சர் என்னும் இரு மருத்துவ அறிஞர் இதனை இட்டனர். நோயை முதற்கண்டது அதற்கும் முன்னே. பர்மாவின் இரங்கூன் நகரிலே, 1911 இல். அங்கு ஆதரவற்றோரின் பிரேதங்களை ஆராய்ந்த அல்பிரெட் விற்மோர் என்னும் ஆங்கிலேயரும், அவருக்குத் துணைநின்ற கிருஷ்ணசுவாமி என்னும் வைத்தியருமே, இதுவரை எவரும் எழுதாத நோயொன்று உண்டென 1912 இல் உலகுக்கு அறிவித்தனர். இலங்கையிலே 1927 இல், கொழும்பில் வாழ்ந்த ஐரோப்பியத் தேயிலைத் தரகர் ஒருவரிடம் இது முதன்முறை கண்டறியப்பட்டது. பின்னர் நெடுங்காலம் அரிதினும் அரிதென்றே கருதப்பட்டது. சென்ற இருபது ஆண்டுகளுக்குள் கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவபீடத்தார் முயன்று தேடத் தொடங்கிய பின்னரே, நாட்டின் பல பகுதிகளிலும் இது பரந்திருப்பது வெளிப்பட்டது. நோய் அரிதன்று, தேடுவாரே அரியர்.

இதன் கிருமி மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது. மழைக்காலத்தில் மேற்படைக்கு வரும். காயத்தின் வழியாகவும், மூச்சின் வழியாகவும், குடிக்கும் நீரின் வழியாகவும் உடலிற் புகும். நீரிழிவுடையாரை நாடிப் பிடிக்கும். நுரையீரல், மண்ணீரல், ஈரல், மூட்டு என எங்கும் சீழ்க்கட்டிகளை உண்டாக்கும். பெனிசிலினுக்கோ சென்டமைசினுக்கோ அடங்காது. தாய்லாந்தின் வடகீழ்ப் பகுதியிலும் அவுஸ்திரேலியாவின் வட பகுதியிலும் இதனை நன்கறிவர். உலகெங்கும் ஆண்டுதோறும் 1,65,000 பேர் இதனாற் பீடிக்கப்படுவர் என்றும், 89,000 பேர் இறப்பர் என்றும் 2016 இல் அறிஞர் கணித்தனர்.

உடலுட் புகுந்தபின் நெடுங்காலம் உறங்கவும் வல்லது. இரண்டாம் உலகப்போரில் யப்பானியரிடம் சிறைப்பட்டிருந்த ஒருவருக்கு 62 ஆண்டுகளின் பின் இந்நோய் வெளிப்பட்டதென 2005 இல் மருத்துவ ஏடொன்று கூறியது. ஆகவே வைத்தியர் எம்மை வினவினார்: எந்தச் சேற்றில், எப்பொழுது காயம்பட்டது? யாம் 2018 வெள்ளத்தைச் சொன்னோம். சொன்னபின் தயங்கினோம். 2008 இல் ஊரோடு இடம்பெயர்ந்தபொழுது, நவம்பரில் நிஷா புயல் வன்னியை மூழ்கடித்தபொழுது, முழங்காலளவு நீரிற் பொதிகளைத் தலையிற் சுமந்து நடந்தோம். அந்நாட்களில் வெறுங்காலுக்குப் பட்ட காயங்களை எவர் எண்ணினார்? எந்தச் சேறு என்று சொல்வது? தாதி எம் விடையை மொழிபெயர்த்தார். வைத்தியர் எழுதுகோலை வைத்துவிட்டுச் சற்றுநேரம் சும்மாயிருந்தார். பின்னர், “வெள்ளம், ஒன்றுக்கு மேற்பட்ட முறை” என்று குறித்துக்கொண்டார் எனத் தாதி சொன்னார்.

உயிர்கொல்லும் நோயென்று கூறக்கேட்டு மகிழ்ந்தவர் உளரோ என்று அன்பர்கள் கேட்கலாம். யாம் மகிழ்ந்தோம். கட்டிலிற் கிடந்தபடியே வாய்விட்டுச் சிரித்தோம். மனையாளோ அழுதார். ஐயுற்ற இரவுகள் அனைத்திற்கும் விடை வந்துவிட்டது. யாம் பொய்யரல்லோம் என்பதற்கு ஐந்து நாள் வளர்ந்த கிருமிக்கூட்டம் சான்று கூறிற்று. பெயரில்லாத பகையோடு பொருதல் இயலாது. பெயர் தெரிந்தால் வாயிலாவது தெரியும்.

எம்போன்றோர் உலகெங்கும் உளர் என்பதையும் பின்னர் அறிந்தோம். அமெரிக்காவின் கனெற்றிக்கற் மாநிலத்தில் லைம் என்றொரு சிற்றூர். அங்கு பொலி மறே என்னும் தாயும் அவர் குடும்பத்தினரும் ஆண்டுக்கணக்கில் மூட்டுநோவாலும் தோற்றடிப்பாலும் வருந்தினர். மருத்துவர் பலர் அவர் சொல்லைப் பொருட்படுத்தவில்லை. அவரோ யாவற்றையும் குறித்துவைத்தார். அயலிலும் பலர் அவ்வாறே வருந்துவதைக் கண்டு, 1975 இற் சுகாதாரப் பகுதியாருக்கு அறிவித்தார். யேல் பல்கலைக்கழகத்து அலன் இசுரீயர் அதனை ஆராய்ந்தார். உண்ணி கடிப்பதால் வருவதென அறியப்பட்டது. வில்லி பேர்க்டோபர் என்பார் அதன் கிருமியைக் கண்டு 1982 இல் வெளியிட்டார். லைம் நோய் என்று உலகம் வழங்குவது இதுவே. லைமிலும் கனகராயன்குளத்திலும் ஒரு பெண்மணியின் குறிப்பே மருத்துவத்துக்கு வழிகாட்டிற்று. மருத்துவம் நான்கு கூறுடையது என்று வள்ளுவர் மருந்து அதிகாரத்தின் இறுதியில் வகுத்ததை ஆண்டுதோறும் கற்பித்தோம். அந்நான்காம் கூறாகிய, அருகிருந்து பேணுபவரின் பொருளை, கொப்பியைத் திருத்திய கையினராகிய யாம் ஐந்தாம் ஆண்டிலேனும் உணர்ந்தோமே என்று ஆறுதல் கொள்கின்றோம்.

சிகிச்சை எளிதன்று. ஆறு கிழமைகள் நாளுக்கு மும்முறை நாளத்தில் ஊசிமருந்து ஏற்றினர். பின்னர் ஆறு திங்கள் கோற்றைமொக்சசோல் குளிசைகள். இடையில் விடலாகாது, விட்டால் நோய் மீளும் என்று எச்சரித்தனர். மருந்துத் தட்டுப்பாடு நிலவிய காலமாதலாற் சில நாட்களுக்குரியதை வெளியில் வாங்க நேர்ந்தது. அதற்கான பணத்தை, கடல்கடந்து வாழும் எமது வகுப்புத் தோழர்கள் கேளாமலே அனுப்பினர். அவர்கள் பெயர் கூற வேண்டாமென்றனர்; கல்லூரியின் பெயரைக் கூறத் தடையில்லையே. 2023 ஆம் ஆண்டு ஏப்பிரலில் இறுதிக் குளிசையை விழுங்கினோம். அம்மாரியிற் காய்ச்சல் வரவில்லை. அடுத்த மாரியிலும் வரவில்லை. மெலிந்த உடல் தேறியது; இடுப்பின் நோவு சிறிது தங்கிவிட்டது. அதனோடு வகுப்பெடுக்கப் பழகிக்கொண்டோம்.

கல்லூரி நாட்களில் விலங்கியல் ஆய்வுகூடத்தில் எம்மையும் ஒருமுறை நுணுக்குக்காட்டியிற் பார்க்கச் செய்தனர். கண்டது என்னவென்று ஆசிரியர் கேட்க, எம் இமைமயிரையே கண்டோம் என்றோம். வகுப்புச் சிரித்தது. தமிழுக்கு இவையெல்லாம் எதற்கென்று அன்று எண்ணினோம். அச்சிறுமைக்கு இன்று இம்மலரில் மன்னிப்புக் கேட்கின்றோம்.

வயல் செய்யும் அன்பர்களே, காயத்தோடு சேற்றில் இறங்காதீர். இறங்குவதாயின் முழங்கால்வரை உயர்ந்த சப்பாத்தணிந்து இறங்குங்கள். வெள்ளத்தின் பின் நீரைக் கொதிக்கவைத்துப் பருகுங்கள். நீரிழிவுக் குளிசையை மறவாதீர். காய்ச்சல் நீடித்தால், யாம் வயல்வேலை செய்பவர் என்று கேளாமலே வைத்தியருக்குச் சொல்லுங்கள். மருத்துவராய் விளங்கும் பழைய மாணவர்களே, நோயாளியின் தொழிலைப் பதிவேட்டில் மட்டும் பாராது அவர் காலையும் பாருங்கள். ஆசிரிய நண்பர்களே, நோயென்று கூறும் சகாவை நம்புங்கள். நம்புவதாற் பாடசாலைக்கு இழப்பில்லை.

பெயர் தெரிந்து வீடு திரும்பிய அன்று நிகழ்ந்ததை ஒன்று கூறி முடிப்போம். இந்நோய் ஒருவரிலிருந்து ஒருவருக்கு இலகுவிற் பரவுவதன்று என வைத்தியர் தெளிவாகச் சொல்லியிருந்தார். வாயிலில் நின்ற மகளிடம் அதனைச் சொன்னோம். அவள் உள்ளே சென்று, எமது மூக்குப்பேணியை எடுத்து, கிணற்றுநீர் வார்த்து, எம்மைப் பார்த்தபடியே முழுவதையும் குடித்துவிட்டு, “இன்னும் வேணுமோ அப்பா?” என்று கேட்டாள். அப்பேணி இன்று வீட்டிலுள்ளார் அனைவருக்கும் பொது. கொப்பிகள் நான்கும் எமது நூல்களோடு ஒரே தட்டில் உள்ளன. அவற்றிற் சிவப்பு மையை அழிக்க வழியில்லை. கண்டு நாணுவதற்காக அது அங்கேயே இருக்கட்டும்.

எம்மை ஆளாக்கிய கல்லூரி பல்லாண்டு வாழ்க! அதன் பணி ஓங்குக!